கற்கண்டும் பாகும்: ‘அசல்’ என்னும் தீர்ப்புக்கு எதிராக

பெல்ஜிய மடாலய மரபைப் பின்பற்றி அமெரிக்காவில் வடிக்கப்படும் கரும்பழுப்பு ஏல் பியரைப் பற்றிய சுவைக்குறிப்புகளில் ஒரு வாக்கியம் ஏதேனும் ஒரு வடிவில் வந்து சேர்ந்துவிடுகிறது. பியர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அசலுக்கு ஈடாகவில்லை என்பதே அது. நிறத்தைச் சொல்லி, நுரையைச் சொல்லி, மணத்தைச் சொல்லி முடித்த கை, கடைசியில் இந்த முத்திரையைக் குத்தாமல் ஓய்வதில்லை. முதல் மூன்றும் கண்ணும் மூக்கும் அறிந்தவை. நான்காவதை அறிந்த புலன் எது? புட்டியின் மேல் ஒட்டிய தாளையும், அத்தாளுக்குப் பின்னால் இருப்பதாகக் கருதப்படும் வரலாற்றையும் படித்துவிட்டு எழுதப்படும் தீர்ப்பு அது. அந்த வரலாறும் பெரும்பாலும் பிழையாகவே படிக்கப்பட்டிருக்கிறது. மொழியியல் மாணவர்களுக்கு இந்த நோய் புதிதன்று. ஒரு வட்டார வழக்கின் சொல்லைக் கேட்டதும் அது என்ன விதிப்படி இயங்குகிறது என்று ஆராயாமல் ‘கொச்சை’ என்று குறித்துவைக்கும் பழைய இலக்கணக்காரரின் நோய் அது. இப்போது அவர் கையில் குவளையைப் பிடித்திருக்கிறார்.

ஒரே ஒரு பியரை எடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் அருகே, முன்பு ஹாப்ஸ் விளைந்த பண்ணை நிலத்தில், 1997இல் தொடங்கப்பட்டது ஓமகாங் பியர் ஆலை. பெயர் ஃப்ளெமிஷ் சொல். நேர்பொருள் ‘சுற்றி வருதல்’, வழக்கில் நகர வீதிகளில் செல்லும் ஊர்வலம். தமிழின் ‘உலா’ நடந்துவந்த பொருள்பாதையும் ஏறத்தாழ இதுவே. அந்த ஆலையின் ‘அபே ஏல்’ 8.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. ஊற்றினால் விளிம்பில் செம்மை படரும் ஆழ்ந்த பழுப்பு, இளம்பழுப்பு நுரை. முகர்ந்தால் உலர்திராட்சை, வெல்லப்பாகு, அதற்கடியில் அதிமதுரம். அதிமதுரம் இங்கே உவமையாக வரவில்லை. அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றோடு அதிமதுர வேரும் உள்ளபடியே கொப்பரையில் இடப்படுகிறது. வாயில் வைத்தால் தடித்த மால்ட் இனிப்பு, சாக்லேட்டின் சாயல், விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய சூடு. இதனருகே ‘டுபெல்’ வகையின் மூலபாடமாகக் கருதப்படும் வெஸ்ட்மாலே மடத்தின் டுபெல்லை வைத்தால் வேறுபாடு மறைக்க முடியாதது. வெஸ்ட்மாலே 7 விழுக்காடு, மசாலா கிடையாது, நிறத்தைப் பார்த்து எதிர்பார்க்கும் கனம் வாயில் இல்லை, முடிவு வறண்டு, அடுத்த மிடறைக் கேட்கிறது. வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதவர் எவருமில்லை. அந்த வேறுபாட்டுக்குக் ‘குறை’ என்ற பெயரைச் சூட்டும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

வந்த இடம் தெரிந்ததுதான். பியரைப் ‘பாணி’களாக வகைப்படுத்தும் இன்றைய முறைக்கு வித்திட்டவர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய இதழாளர், 1977இல் வெளிவந்த அவருடைய உலக பியர் வழிகாட்டி நூல் அந்த வேலையைத் தொடங்கிவைத்தது. அவர் செய்தது கள ஆய்வாளரின் பணி. ஊர் ஊராகச் சென்றார், குடித்தார், கேட்டார், கண்டதை எழுதினார். 1985இல் அமெரிக்காவில் உருவான பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம், அதாவது பிஜேசிபி, வீட்டு வடிப்பாளர்களின் போட்டிகளுக்காக அந்த வகைப்பாட்டை எண்களாக்கியது. அதன் நெறிமுறைப்படி டுபெல்லின் ஆல்கஹால் 6 முதல் 7.6 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கசப்பு அலகு 15 முதல் 25 வரை. ஓமகாங்கின் ஏல் டுபெல் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது, ஆனால் அதன் 8.2 இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. 8இல் தொடங்கும் ‘பெல்ஜிய அடர் வலிய ஏல்’ என்ற அடுத்த வேலிக்குள் அது எண்ணால் நுழையலாம், இயல்பால் நுழையாது. விளக்கமுறை இலக்கணம் விதிமுறை இலக்கணமாகும் தருணம் இது. எழுதியவர்களைக் குறை சொல்வதும் முறையாகாது. பாணிக் குறிப்புகள் போட்டிக்கான கருவி, சட்டம் ஆகா என்று பிஜேசிபி தன் ஆவணத்திலேயே எச்சரிக்கிறது. அந்த முன்னுரையைப் படிக்காமல் அட்டவணையை மட்டும் மனனம் செய்துகொண்டவர்கள்தான் சுவைக்குறிப்பு எழுதுகிறார்கள்.

‘அசல்’ எவ்வளவு பழையது என்பதையும் பார்த்துவிடலாம். கல்தூண்களுக்கிடையே மெழுகுவர்த்தி ஒளியில் இடைக்காலத் துறவி ஒருவர் கொப்பரையைக் கிளறும் ஓவியம் விளம்பரங்களில் நன்றாக எடுபடும். பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் பெல்ஜிய மடங்களை மூடி, சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது அந்தத் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. வெஸ்ட்மாலே மடமே புரட்சிக்கு அஞ்சி ஓடிவந்த துறவியரால் 1794இல் நிறுவப்பட்டது. அங்கே பியர் வடித்தது 1836இலிருந்து. பழுப்பு பியர் 1856இல் வந்தது. இன்று டுபெல் என்று அறியப்படும் உருவத்தை அது எடுத்தது 1926இல். ஷிமே மடத்தின் பியர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டெ கிளெர்க்கின் துணையோடு சீரமைக்கப்பட்டது. அதன் ஈஸ்ட் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. ‘குவாட்ரூபெல்’ என்ற சொல் பெல்ஜியத்தினுடையதுகூட அன்று. நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் 1991இல் தன் ‘லா டிராப்’ பியருக்குச் சூட்டிய பெயர் அது. ஓமகாங்குக்கு ஆறே ஆண்டுகள் மூத்த சொல்லைத் தொன்மரபின் உரைகல்லாக வைத்து அமெரிக்க பியர்களை உரசிப் பார்ப்பவர்களைக் கண்டு சிரிப்பதா, அழுவதா? துறவியர் தங்கள் காலத்து வேதியியலைத் தயங்காமல் பயன்படுத்திய தொழில்வல்லுநர்கள். அவர்களைப் பழமையின் காவலர்களாக ஆக்கியது அவர்களைப் பற்றி எழுதியவர்களின் தேவை.

இனி, அமெரிக்க வழக்கு எப்படிப் பிறந்தது என்ற கதைக்கு வரலாம். இது ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் கதை. சுவைக்குறிப்பு எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அறிந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் வீட்டில் பியர் வடிப்பதற்குக் கூட்டாட்சி அளவில் சட்ட அனுமதி கிடைத்தது 1978இல். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெல்ஜிய பியர்கள் இறக்குமதியாகத் தொடங்கின. அவற்றை வீட்டிலேயே செய்துபார்க்கும் ஆசையும் பிறந்தது. பெல்ஜியர்கள் பியரில் ‘காண்டி’ சர்க்கரை சேர்க்கிறார்கள் என்ற செய்தி கடல் கடந்து வந்தது. டச்சு, பிரெஞ்சு வழக்கில் நின்ற அந்தச் சொல், அரபி, பாரசீகம் வழியாக ‘கண்ட’ என்ற வடசொல்லிடம் கொண்டுசேர்க்கும். கற்கண்டில் உள்ள ‘கண்டு’ம் இதே குடும்பம், எது எதற்குத் தாய் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை, இந்த இடத்தில் அது தீரவும் வேண்டியதில்லை. அமெரிக்க வடிப்பாளர்களின் காதில் அந்தச் சொல் கற்கண்டாகவே விழுந்தது. படிகம் படிகமாக, கண்ணாடித் துண்டுபோல் இருக்கும் சர்க்கரை. கடைகளில் ‘பெல்ஜிய காண்டி’ என்ற பெயரில் அதை வெள்ளையாகவும் பழுப்பாகவும் கூடுதல் விலைக்கு விற்றார்கள். வாங்கிப் போட்டார்கள். பியர் கறுக்கவில்லை, திராட்சை மணமும் வரவில்லை.

பெல்ஜியத்தின் பழுப்பு மடாலய பியர்களில் பெரும்பாலும் நிறத்தையும் உலர்பழ மணத்தையும் தருவது காய்ச்சிக் காய்ச்சிக் கருமையேறிய பாகு. படிகம் அன்று, திரவம். சர்க்கரையின் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். நிறமும் மணமும் மட்டும் தங்கும். எனவே பார்க்கக் கறுப்பாகவும் குடிக்க இலேசாகவும் ஒரு பியர் கிடைக்கிறது. வெஸ்ட்மாலேயின் புதிர் அவ்வளவுதான். கற்கண்டை நம்பி ஏமாந்த அமெரிக்கர்கள், இல்லாத கருமையை வேறு வழியில் தேடினார்கள். ஆழ வறுத்த கேரமல் மால்ட்டையும் சாக்லேட் மால்ட்டையும் அள்ளிச் சேர்த்தார்கள். கேரமல் மால்ட்டின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. மிச்சம் பியரிலேயே தங்கி, கனத்தையும் இனிப்பையும் கூட்டும். மணம் போதவில்லை என்று தோன்றியபோது சிலர் மசாலாவைத் தேடிப் போனார்கள். ஸ்டான் ஹைரோனிமஸ் 2005இல் எழுதிய ‘புரூ லைக் எ மாங்க்’ நூல், மடங்களில் உண்மையில் நடப்பது என்ன என்று விசாரித்து இந்தப் பிழையை அம்பலப்படுத்தியது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பாகும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

பாகு வந்த பிறகும் கனமான அமெரிக்க வகை மறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தலைமுறை குடித்துப் பழகிய சுவை அது. சொல்லின் எல்லையைத் தவறாகப் பிரித்துக் கேட்டதால் புதுச்சொல் பிறந்து நிலைத்த எடுத்துக்காட்டுகளை வரலாற்று மொழியியல் பாடநூல்கள் முதல் அத்தியாயங்களிலேயே அடுக்குகின்றன. ‘நாரங்கம்’ என்ற சொல் ஐரோப்பாவில் முதலெழுத்தான நகரத்தை உதிர்த்து ‘ஆரஞ்சு’ ஆனது அவ்வகை. அதைப் பிழை என்று சொல்லி எவரும் இன்று பழக்கடைக்காரரிடம் நகரத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. மறுபகுப்பு ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதுவே இலக்கணம். வகுப்பில் இதைத் தலையசைத்து ஏற்கும் மாணவர், மாலையில் குவளையின் முன் அமர்ந்ததும் தூய்மைவாதியாகிவிடுவது ஏன்?

மசாலா சேர்ப்பது பெல்ஜிய முறையே அன்று என்ற குற்றச்சாட்டும் முழுமையாக நிற்காது. வெஸ்ட்மாலே சேர்ப்பதில்லை. டிராப்பிஸ்ட் மடங்களுள் ஒன்றான ரோஷ்ஃபோர் கொத்தமல்லி விதை சேர்க்கிறது. ஒரு மடத்தின் வழக்கத்தை நாட்டின் விதியாக உயர்த்தி, இன்னொரு மடத்தின் வழக்கத்தைக் கண்டும் காணாமல் விட்டால்தான் அந்தக் குற்றச்சாட்டை எழுப்ப முடியும். தலைநகரின் ஒரு தெருப்பேச்சைப் பொதுமொழி என்று அறிவித்துவிட்டு மற்ற தெருக்களைத் திருத்தப் புறப்படும் அதே உத்தி.

சுவைக்குறிப்பின் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை இனி நோக்க வேண்டும். அத்தி, பிளம், உலர்திராட்சை, செர்ரி, கிராம்பு: கரும்பழுப்பு மடாலய ஏல் பற்றிய குறிப்புகளில் இந்த ஐந்தும் ஏறத்தாழ மாறாத வரிசையில் வரும். கிராம்பு மணத்துக்குக் காரணம், இந்த ஈஸ்ட் வகைகள் உண்டாக்கும் ஒரு ஃபீனால் சேர்மம். அதை முகர்ந்து கிராம்பு என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் முழுவதும் மூக்கிலிருந்தே பிறந்தது என்று நம்ப இடமில்லை. போர்தோவில் மோரோ, ப்ரோஷே, துபூர்தியூ ஆகிய மூவரும் நடத்தி 2001இல் ‘பிரெய்ன் அண்ட் லாங்குவேஜ்’ ஆய்விதழில் வெளியிட்ட சோதனை பலருக்கு நினைவிருக்கும். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அதே ஒயினை வெள்ளையாகக் கண்டபோது வெளிர்நிறப் பொருள்களின் பெயர்களைச் சொன்னவர்கள், சிவப்பாகக் கண்டதும் செந்நிற, கருநிறப் பழங்களின் பெயர்களுக்குத் தாவினார்கள். அதற்கு வெகு முன்பே, 1970களில், ஏட்ரியன் லேரர் ஒயின் பேச்சின் சொற்பொருளை ஆராய்ந்து, ஒருவர் எழுதிய வருணனையைக் கொண்டு இன்னொருவர் அந்த ஒயினை அடையாளம் காண்பது தற்செயலைவிட அதிகம் மேலானதன்று என்று காட்டியிருந்தார். பழுப்பு நிறம் கண்ணில் பட்டவுடனே அத்தியும் பிளம்மும் நாவில் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன என்று ஐயுறுவதற்கு இவ்வளவும் போதும்.

அந்தப் பட்டியல் யாருடைய சமையலறையிலிருந்து எழுந்தது என்பதும் வெளிப்படை. பிளம் பழத்தின் கனிந்த மணத்தை நினைவில் வைத்திருக்காத ஒருவர் அந்தச் சொல்லை எழுதும்போது அவர் மணத்தைக் குறிப்பதில்லை, தகுதியைக் குறிக்கிறார். கரும்பாகின் மணத்துக்குக் கருப்பட்டியைவிட நெருங்கிய ஒப்பீடு தமிழ் நாவுக்கு இருக்க முடியாது. அதில் புகையின் சாயல் உண்டு, மண்ணின் சாயல் உண்டு, இனிப்பின் அடியில் மெல்லிய துவர்ப்பும் உண்டு. ஆனாலும் தமிழர் எழுதும் குறிப்பிலும் அத்தியும் பிளம்மும்தான் வருகின்றன. கருப்பட்டி என்று எழுதினால் பயிற்சி போதாது என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம். இந்த அச்சத்தைக் கல்விப்புலத்தில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்கட்டுரைகளில் சான்றுச் சொல் தேடும்போதெல்லாம் அவர்கள் அனுபவிப்பதுதான்.

வேடிக்கையான திருப்பம் ஒன்று கலிஃபோர்னியாவில் நடந்தது. அங்கே சான் மார்கோஸில் 2006இல் தொடங்கிய லாஸ்ட் அபே ஆலையின் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஏலில் உலர்திராட்சைக் கூழே சேர்க்கப்பட்டது. சுவைக்குறிப்பில் உவமையாக நின்ற பொருள் இறங்கிவந்து கொப்பரைக்குள் விழுந்துவிட்டது. தூய்மைவாதிகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். திராட்சையே இல்லாத பியரில் திராட்சை தெரிகிறது என்று எழுதுவது தேர்ச்சி. திராட்சை உள்ள பியரில் திராட்சை தெரிவது கலப்படம்! இந்த ஆலையின் டாமி ஆர்தர்தான் ஹைரோனிமஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர். மடங்களில் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் செய்த காரியமன்று அது. இலக்கணம் அறிந்தவர் வழுவமைதியோடு எழுதியது.

இவ்வளவு சொன்னபின் எதிர்முகாமிலிருந்து ஒரு குரல் எழும். அப்படியென்றால் பெயரை விடுங்கள், வரலாற்றை விடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு நாவை மட்டும் நம்புங்கள் என்று அது சொல்லும். அமெரிக்கக் கைவினை பியர் ஆர்வலர்களிடையே செல்வாக்குப் பெற்ற நிலைப்பாடு இது. மேலோட்டத்தில் சனநாயகத் தன்மையுடையது. இதுவும் ஏற்கத்தக்கதன்று. போர்தோ சோதனை காட்டியது நாவின் குற்றத்தையன்று. கண், சொல், நினைவு எல்லாம் கலந்தே சுவை உண்டாகிறது என்பதைத்தான். பெயரைக் கழுவிவிட்டுக் குடிக்கக்கூடிய அம்மணச் சுவை என்று ஒன்று எங்கும் கிடையாது. செய்ய வேண்டியது, பெயர் எங்கே எந்த வேலையைச் செய்கிறது என்று தனியே கணக்கிடுவது.

கணக்கிட்டுப் பார்த்தால் ‘டிராப்பிஸ்ட்’ என்ற சொல்லும் ‘அசல்’ என்ற சொல்லும் இரு வேறு வேலைகளைச் செய்பவை என்பது தெளிவாகும். டிராப்பிஸ்ட் என்ற பெயரைத் துறவியர் அல்லாதார் பயன்படுத்துவதற்கு எதிராக 1962இல் கென்ட் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கம் அமைந்து அறுகோண முத்திரையை வழங்கத் தொடங்கியது. மடத்தின் சுற்றுவட்டாரத்துக்குள் செய்ய வேண்டும், துறவியரின் மேற்பார்வை வேண்டும், வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். உழைப்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் சொல்லப்படும் கூற்றுகள் இவை. சரிபார்க்கலாம், பொய்யென்றால் வழக்குத் தொடரலாம். துறவியர் தங்கள் பெயரைக் காத்துக்கொண்டதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பிஜேசிபி 2015இல் ‘டிராப்பிஸ்ட் ஏல்’ என்று வைத்திருந்த பிரிவின் பெயரை 2021இல் ‘மடாலய ஏல்’ என்று மாற்றியதும் நல்லதே. முத்திரையில் சுவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சுவையிலிருந்து முத்திரை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதற்குப் பெல்ஜியத்துக்குள்ளேயே சான்றுகள் உண்டு. வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடம் 1946இல் தன் பியரை விற்பனைக்கு வடிக்கும் உரிமத்தை வாட்டோ ஊரின் ஓர் ஆலைக்குக் கொடுத்தது. 1992இல் உரிமம் முடிந்தது. அதே ஆலை, அதே கலன்கள். பெயர் மட்டும் செயின்ட் பெர்னார்டஸ் என்றாயிற்று. இன்று வெஸ்ட்ஃப்ளெட்டரன் துறவியர் வெஸ்ட்மாலேயின் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். மடத்தின் பழைய ஈஸ்ட்டைத் தாங்கள் காத்துவருவதாகச் சொல்பவர்கள் செயின்ட் பெர்னார்டஸ்காரர்கள். இரண்டில் அசல் எது? ஆஹெல் மடத்தில் கடைசித் துறவியரும் வெளியேறியதால் 2021இல் அதன் பியர் முத்திரையை இழந்தது. முந்தைய மாதம் நிரப்பிய புட்டிக்கும் பிந்தைய மாதம் நிரப்பிய புட்டிக்கும் இடையே நாவால் எதைக் கண்டுபிடிப்பது? ‘மடாலய பியர்’ என்ற பெயரின் கதை இன்னும் நெகிழ்வானது. 1952இல் லெஃப் மடத்தின் தலைவர் ஒரு வணிக ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். இன்று அந்தப் பெயர் தாங்கிய பியரை லூவன் நகரத் தொழிற்சாலையில் வடிப்பது ஏபி இன்பெவ் என்னும் பன்னாட்டுப் பெருநிறுவனம். அதைப் பெல்ஜிய அசல் என்று வரிசையில் வைப்பவர்கள், 2003 முதல் டூவெல் மூர்ட்காட் என்ற பெல்ஜிய நிறுவனத்துக்குச் சொந்தமான ஓமகாங்கை அமெரிக்க நகல் என்கிறார்கள். உரிமையாளரைக் கொண்டு முடிவுசெய்தாலும் கணக்கு இடிக்கிறது, ஊரைக் கொண்டு முடிவுசெய்தாலும் இடிக்கிறது, துறவியரைக் கொண்டு முடிவுசெய்தால் இரண்டுமே விழுந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் பழக்கமான ஒரு மறுப்பு வரும். நுகர்வோருக்குத் தான் வாங்குவது என்ன என்று தெரிய வேண்டாமா? வேண்டும். எங்கே, யார், எந்தப் பொருள்களைக் கொண்டு, யாருடைய முதலீட்டில் வடித்தார்கள் என்று புட்டியில் அச்சிட்டால் தெரிந்துவிடும். ‘அசலுக்கு அருகில்’ என்ற தொடர் இவற்றுள் எதையும் தெரிவிப்பதில்லை. தெரிவிக்க வேண்டியவற்றின் மேல் ஒரு துறவாடையைப் போர்த்திவிடுவது மட்டுமே அதன் பயன், அதனால் ஆதாயம் பெறுபவர்கள் பெருநிறுவனங்கள்தாம்.

ஒரு குவளை பியருக்கு இவ்வளவு வாதமா என்பவர்கள், ‘தாய்மொழியாளர் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்று வரும் ஆங்கில ஆசிரியர் பணி விளம்பரங்களை நினைத்துப் பார்க்கலாம். அங்கும் இதே தருக்கமே இயங்குகிறது. ஓர் ஊர் மூலமாக அறிவிக்கப்படுகிறது. அந்த ஊரின் உள்வேறுபாடுகள் அழிக்கப்படுகின்றன. வெளியூர்க்காரரின் ஒவ்வொரு வேறுபாடும் குறையாக எண்ணப்படுகிறது. எண்ணுபவர் பெரும்பாலும் மூல ஊர்க்காரராக இருப்பதுமில்லை. அமெரிக்கப் போட்டிகளில் பெல்ஜியப் பாணிக்கு மதிப்பெண் இடுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களே. பதக்கம் விற்பனையைக் கூட்டும் என்பதால் சிறு ஆலைகள் அட்டவணையைப் பார்த்து வடிக்கத் தொடங்குகின்றன; கற்கண்டு வழியே வந்த கனத்த வழக்கு, பிழையிலிருந்து பிறந்தும் தன் காலில் நின்ற வழக்கு, மெல்ல மெல்லத் திருத்தப்படுகிறது. திருத்தியபின் கிடைப்பதை ‘வெஸ்ட்மாலேயின் நல்ல நகல்’ என்று பாராட்டுவார்கள். அதைவிட வெஸ்ட்மாலேயையே வாங்கிக் குடித்துவிடலாம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பென்சர் ஊரில் செயின்ட் ஜோசஃப் மடம் இருக்கிறது. அங்குள்ள டிராப்பிஸ்ட் துறவியர் பியர் வடிக்க முடிவு செய்து, மடத்துக்குள்ளேயே ஆலை அமைத்து, 2013 இறுதியில் அறுகோண முத்திரையைப் பெற்றார்கள். அமெரிக்காவில் அம்முத்திரை பெற்ற முதல் ஆலை அதுவே. கரும்பழுப்பு வகையில் ‘மாங்க்ஸ் ரிசர்வ்’ என்ற பெயரில் 10.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட குவாட்ரூபெல்லையும் வடித்தார்கள். தூய்மைவாதிகள் கேட்ட எல்லாமே அங்கிருந்தன: துறவியர், மடம், மேற்பார்வை, அறப்பணி. நடையும் அமெரிக்காவுடையது, ஆடையும் மெய்யானது. 2022இல் துறவியர் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். வணிகமாக அது நிலைக்கவில்லை. அதே ஆண்டில் லெஃப் உலகமெங்கும் பல்பொருள் அங்காடிகளில் கிடைத்துக்கொண்டிருந்தது, புட்டியின் மேல் மடத்தின் படத்தோடு.